அம்மா அழுதால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதா?

சென்னை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிப் பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அழாதடி, வயித்துப் புள்ளைக்கு ஆகாது." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் கேட்டவள் அழுகையை அடக்கிக்கொண்டு, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தையும் சேர்த்துச் சுமக்கிறாள்.

மனசு கலங்கும்போது, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. கர்ப்பிணிக்கு எந்தக் கவலையும் இல்லாவிட்டாலும் இது ஏறும். கடைசி மாதங்களில் இரண்டு, மூன்று மடங்குகூட ஆகும். இதில் பெரும்பகுதி அப்படியே குழந்தைக்குப் போய்ச் சேர்வதில்லை. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி வாசலில் காவல் நிற்கிற மாதிரி அதைத் தடுத்து, வீரியமில்லாத கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. அதனால் ஒரு நாள் சண்டைக்கும் ஒரு ராத்திரி அழுகைக்கும் யாரும் பயப்பட வேண்டாம்.

மாதக்கணக்கில் நீளும் கவலைதான் வேறு விஷயம். கார்டிசாலைச் சுரக்கத் தூண்டும் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை மூளையைப் போலவே நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. கார்டிசால் கூடினால் மூளை தன் சி.ஆர்.எச்.-ஐக் குறைத்துக்கொள்ளும். நஞ்சுக்கொடியிலோ தலைகீழ்: கார்டிசால் கூடக் கூட சி.ஆர்.எச்.-உம் கூடும். இந்த சி.ஆர்.எச். அளவு சீக்கிரமே ஏறிவிடுகிறவர்களுக்கு 37 வாரம் முடியும் முன்பே பிரசவமாகும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அதற்காக எல்லாச் சோர்வையும் மனசின் தலையில் போட்டுவிடவும் கூடாது. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறும் வேகத்துக்குச் சிவப்பணுக்கள் ஏறுவதில்லை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வரும். விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பெண், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதிப் பலன் வீண். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடலால் உறிஞ்ச முடியாது. டீயை ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்து, மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நன்றாகச் சேரும்.

தண்ணி லாரி வந்தால் குடத்தை வீட்டுக்காரர் தூக்கட்டும். அவள் தூங்கட்டும். அப்புறமும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால், அடுத்த செக்கப்பில் பி.பி., எடையோடு இதையும் நர்ஸம்மாவிடம் சொல்ல வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் இருக்கிறது: 14416. காசு கிடையாது, நடுராத்திரியிலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.