எண்ணிமமாக்கம்: சொல் விளக்கம்

பழைய வீடியோ கேசட்டில் இருப்பதை டிவிடிக்குக் கொண்டுபோகும் வேலையைப் பேச்சில் "கேசட்டை சிடியா மாத்துறது" என்கிறோம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது. எழுத்துக்கு வரும்போதுதான் ஆளுக்கொரு சொல்: டிஜிட்டல்மயமாக்கல், மின்மயமாக்கல், மின்னுருவாக்கம், மின்னிலக்கமாக்கல், எண்மமாக்கல், எண்ணிமமாக்கம். இவற்றில் எண்ணிமமாக்கம்தான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

வி.எச்.எஸ். கேசட்டுக்குள் இருப்பது 12.7 மி.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் காந்தத் துகள் பூச்சு. பதிவான காட்சி அந்தப் பூச்சில் இடைவெளியில்லாத காந்த அலையாக இருக்கிறது. பிளேயரில் சுழலும் உருளையிலுள்ள ஹெட் என்ற படிக்கும் முனை, நாடாவைச் சாய்வாக வருடி அந்த அலையை மின்சைகையாக எடுத்துத் தருகிறது. பிளேயருக்கும் கணினிக்கும் நடுவே வைக்கும் கேப்சர் கருவி அந்தச் சைகையை அளக்கிறது. எத்தனை முறை? 1982இல் வகுக்கப்பட்டு இன்றும் புழங்கும் சர்வதேசத் தரப்படி, படத்தின் வெளிச்ச அளவை மட்டும் வினாடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை. ஒவ்வொரு அளவும் ஓர் எண்ணாகிறது. 0 முதல் 255 வரை எண்கள் கொண்ட 8 பிட் கணக்கில் முழுக் கருப்புக்கு 16, முழு வெள்ளைக்கு 235. நெற்றியில் பட்ட வெயில் 200ஐ ஒட்டிய ஓர் எண். கூந்தலின் கருமை 20, 30 என்று ஓர் எண். அலையாக இருந்த ஒரு முகம் எண்களின் வரிசையாகிவிடுகிறது.

ஓட ஓடத்தான் அளக்க முடியும் என்பதால் மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. ஓடுகிற பிளேயரும் வேண்டும். வி.எச்.எஸ். பிளேயர் தயாரிப்பைக் கடைசிவரை விடாமலிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது.

டிஜிட்டல் என்ற சொல்லுக்கு வேர், லத்தீனில் விரலைக் குறிக்கும் 'டிஜிட்டஸ்'. விரல்விட்டு எண்ணியதால் அந்தச் சொல் 0 முதல் 9 வரையுள்ள எண்குறிகளுக்கும் ஆகி, எண்களால் இயங்கும் எதற்கும் அடைமொழியாயிற்று. இதற்கு எதிர்நிலையான அனலாக், விகிதப் பொருத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அசல் ஏறினால் தானும் ஏறி, இறங்கினால் தானும் இறங்கும் சைகை அது. அதற்கு ஒப்புமை என்றும் தொடர்முறை என்றும் தமிழில் எழுதுகிறார்கள். நாடாவிலுள்ள அலையை நினைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டும் நல்ல சொற்களே.

இனி, தமிழில் புழங்கும் சொற்கள். மின்மயமாக்கல் என்பதை முதலிலேயே விலக்கிவிடலாம். அது ரயில் பாதைக்கு மின்சாரம் கொண்டுவருவதைக் குறிக்கும் சொல். மின்னுருவாக்கம் ஓலைச்சுவடிக்கும் பழைய நூலுக்கும் சரியாகவே இருக்கிறது. ஓலை மின்னணு வடிவத்தில் இருந்ததில்லை, இப்போது அந்த வடிவம் பெறுகிறது. வீடியோ நாடாவின் கதை வேறு. அதில் காட்சி ஏறியதே மின்சைகையாகத்தான். திரையில் தெரிவதும் மின்சைகையாகத்தான். மாற்றத்துக்கு முன்பும் 'மின்', பின்பும் 'மின்' என்றால் எது மாறியது என்பதைச் சொல் சொல்லவில்லை.

மின்னிலக்கம் சிங்கப்பூர்த் தமிழில் நன்றாக வேரூன்றிய சொல். இலக்கம் என்றால் எண் என்பதால் பொருளில் குறையில்லை. ஆனால் அங்கும் 'மின்' கூடுதல் சுமைதான். டிவிடியில் இருக்கும் எண்களில் மின்சாரம் எதுவும் இல்லை. நுண்ணிய தடங்களாக இருக்கும் அவற்றை 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி படிக்கிறது.

எண்மம் சுருக்கமான சொல். அதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எண்திசை, எண்சாண், எண்மர் என்று வரும்போது 'எண்' எட்டைக் குறிக்கிறது. கணினிப் பாடத்தில் 'எண்ம எண்முறை' என்றால் எட்டை அடியாகக் கொண்ட எண்முறை. படிக்கும் மாணவர் குழம்ப இடமிருக்கிறது. எண்ணிமம் என்பதில் 'எண்ணு' என்ற வினையே முன்னால் தெரிவதால் அந்தக் குழப்பம் எழாது. ஈழத்து எழுத்தில் இது நெடுநாளாகப் புழங்குகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் தன்னை எண்ணிம நூலகம் என்றே அழைத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டிலும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

கூடவே வரும் இரண்டு சொற்களையும் பார்த்துவிடலாம். கேசட் பிரெஞ்சிலிருந்து வந்தது. பொருள் சிறு பெட்டி. ஒளிப்பேழை என்று தமிழாக்கியவர் வேர்ப்பொருளை அப்படியே பிடித்திருக்கிறார். பேழைக்குள் சுற்றியிருப்பது நாடா. இரண்டையும் பிரித்துச் சொல்வதில் பயனுண்டு: பேழை உடைந்தால் நாடாவைக் கழற்றி வேறு பேழையில் மாட்டிவிடலாம், நாடாவில் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்யாமல் பிளேயரில் போடவே கூடாது. டிஸ்க், எறிவதற்கான வட்டத் தட்டைக் குறிக்கும் கிரேக்க 'டிஸ்கோஸ்' வழி வந்த சொல். நாம் அந்த விளையாட்டை வட்டு எறிதல் என்கிறோம். "அரங்கின்றி வட்டாடி அற்றே" என்ற குறளில் வட்டு, ஆட்டக் காய். குறுந்தட்டு, குறுவட்டு, இறுவட்டு எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. வட்டு என்று முடியும் சொற்கள் எனக்கு இன்னும் பிடிக்கும்.

வட்டில் எழுதுவது எண்ணிமமாக்கத்துக்கு அடுத்த கட்டம், அதன் பகுதியன்று. சைகை எண்ணானதுமே எண்ணிமமாக்கம் முடிந்துவிடுகிறது. பிறகு அந்த எண்களைச் சுருக்கி வட்டில் அடக்குகிறார்கள். 4.7 ஜிபி கொள்ளும் ஓரடுக்கு டிவிடியில் ஓரளவு நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம் அடங்கும். மூன்று மணி நேரக் கேசட்டை அதே வட்டில் திணித்தால் வேகமான அசைவுகளில் படம் கட்டம் கட்டமாக உடையும். சுருக்காத, அல்லது குறைவாகச் சுருக்கிய கோப்பு ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"டிஜிட்டலாக்கினால் படம் தெளிவாகிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். அளப்பதால் தெளிவு கூடாது. நாடாவில் இருப்பதுதான் எண்ணாகும். சில சமயம் அதுவரை பார்க்காத குறைகூட வெளியே வரும். படத்தின் அடி விளிம்பில் நெளிந்தபடி ஒரு பட்டை தெரியும். உருளையில் ஒரு ஹெட்டிலிருந்து மற்றதற்கு மாறும் இடம் அது. நாடாவில் எப்போதும் இருந்ததுதான். பழைய டிவி படத்தின் ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டதால் நம் கண்ணில் படவில்லை. கணினி முழுப் படத்தையும் காட்டுவதால் இப்போது தெரிகிறது. இதை மறைப்பதும் நிறத்தைச் சரிசெய்வதும் மேம்படுத்தல் என்ற தனி வேலை.

கேம்கார்டரில் போடும் சிறிய மினி டிவி (MiniDV) கேசட்டுக்கு எண்ணிமமாக்கம் என்ற சொல்லே பொருந்தாது. 1995இல் வந்த அந்தக் கேசட்டும் காந்த நாடாதான் என்றாலும், அதில் காட்சி பதிவாகும்போதே எண்ணாகிவிடுகிறது. கேமராவை ஃபயர்வயர் கம்பியால் கணினியோடு இணைத்தால் அதே எண்கள் அப்படியே வந்து சேரும். அளப்பதற்கு எதுவும் இல்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட கம்பி வழியாக எடுத்தால் எண் அலையாகி, அலை மறுபடி எண்ணாகி, தரம் வீணாகக் குறையும். ஆகவே மினி டிவி கேசட்டைக் கொடுக்கும்போது எண்ணிமமாக்கித் தரச் சொல்லாதீர்கள். ஃபயர்வயர் வழியாகப் படியெடுத்துத் தரச் சொல்லுங்கள்.