கோரை முடிக்கும் சுருட்டை முடிக்கும் ஒரே குளியல் ஆகாது

"தலைக்குக் குளித்தால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, டாக்டர்." தோல் மருத்துவராக நான் அன்றாடம் கேட்கும் புகார் இது. அந்தப் பயத்திலேயே பலர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. குளிக்காத நாட்களில் உதிர்ந்த முடியெல்லாம் சடைக்குள்ளேயே சிக்கிக் கிடந்து, குளிக்கும் அன்று மொத்தமாகக் கையோடு வருகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். வளையங்களுக்குள் மாட்டிக்கொண்ட முடி தானாகக் கீழே விழ வழியே இல்லை.

எந்த ஷாம்பு நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது முடியின் வகையை. தலைத்தோலில் உள்ள சுரப்பிகள் எண்ணெய்ப் பசையைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. கோரை முடியில் அந்தப் பசை தடையில்லாமல் நுனிவரை இறங்கிவிடுகிறது. நேற்றுக் குளித்த தலை இன்றைக்கே பிசுபிசுப்பது அதனால்தான். சுருட்டை முடியிலோ ஒவ்வொரு வளைவிலும் அது தேங்கி நிற்கிறது. வேரில் பிசுக்கு, நுனியில் வறட்சி என்று ஒரே தலையில் இரண்டு நிலைமை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் முடியின் நீளத்துக்கு. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ்: ஷாம்பு நுரையை நுனிவரை இழுத்துத் துணி துவைப்பது போலக் கசக்குகிறோம்.

கோரை முடி உள்ளவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்குக் குளிக்கலாம். ஹெல்மெட் போட்டு வெயிலில் அலைபவர்கள் மென்மையான ஷாம்புவால் தினமும் குளித்தாலும் தவறில்லை. பாக்கெட்டைப் பிரித்து உச்சியில் அப்படியே கொட்டாமல், ஒரு குவளைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். நகத்தால் சுரண்டாமல் விரல் நுனியால் தேயுங்கள். கண்டிஷனர் வேண்டுமானால் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் போதும். நெளி முடி இரண்டுக்கும் நடுவில் நிற்பது. வாரத்துக்கு இரண்டு முறை குளித்துவிட்டு, அடுத்த நாள் தலை பிசுபிசுக்கிறதா வறள்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

சுருட்டை முடிக்குத்தான் நம் ஊரில் மிகவும் அநியாயம் நடக்கிறது. என்னிடம் வந்த ஒரு தாயாருக்குக் கோரை முடி, மகளுக்கு அப்பா வழியில் வந்த அடர்ந்த சுருட்டை. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவருக்கும் ஒரே வைத்தியம்: தலை நிறைய எண்ணெய், பிறகு கையளவு சீயக்காய்த் தூள், குளித்ததும் துண்டை முறுக்கிக் கட்டி, காய்ந்த பிறகு நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாருதல். மகளின் வகிட்டைப் பிரித்துப் பார்த்தேன். வேர்க்கால்களைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் சீயக்காய்ப் பொருக்கு, அதைச் சொறிந்து சிவந்த தோல். நெற்றியோரத்தில் அரை விரல் நீளத்துக்கு முறிந்து நிற்கும் குட்டை முடிகள். அவற்றைப் புதிதாக முளைக்கும் முடி என்று தாயார் நினைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்காக இழுத்துப் பின்னும் இறுக்கமான இரட்டைச் சடைக்கும் அந்த முறிவில் பங்குண்டு.

அவர்களுக்குச் சொன்ன முறை இது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு முடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். முடியை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் வேர்ப்பகுதியில் மட்டும் நீர்த்த ஷாம்பு. அலசும்போது வழிகிற நுரையே மீதி நீளத்துக்குப் போதும். அடுத்துத் தாராளமாகக் கண்டிஷனர். அது முடியில் இருக்கும்போதே விரலாலும், பிறகு அகலப் பல் சீப்பாலும், நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். ஈர முடி எளிதில் இழுபட்டு அறும் என்பதால் கோரை முடிக்காரர்கள் ஓரளவு உலர்ந்த பிறகு வாருவது நல்லது. சுருட்டை முடியைக் காய்ந்த பிறகு வாரினால்தான் முறியும். துவட்டுவதற்குப் பழைய பருத்தி வேட்டித் துணி போதும். ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இப்படி வாரம் ஒருமுறை, வியர்வை அதிகமானால் இரண்டு முறை.

சீயக்காயை நான் குறை சொல்லவில்லை. அதிலுள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இயற்கையாகவே அழுக்கை நீக்கும். குளியல் சோப்பு காரத்தன்மை உடையது, அதன் பி.எச். (அமில-கார அளவு) 9 முதல் 10 வரை இருக்கும். அது முடியின் மேல் செதில்களைத் தூக்கிவிட்டுச் சொரசொரப்பாக்குகிறது. சீயக்காய் அப்படிச் செய்வதில்லை. ஆனால் சுருட்டை முடிக்குத் தூளாகத் தேய்க்க வேண்டாம். வெந்நீரிலோ வடித்த கஞ்சியிலோ ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிய சாற்றை மட்டும் ஊற்றுங்கள். அரப்புக்கும் பூந்திக்கொட்டைக்கும் இதே விதிதான்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் கடினத்தன்மை தரும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிக அதிகம். அவை சோப்போடு சேர்ந்து திரிந்து முடியில் படிகின்றன. எவ்வளவு அலசினாலும் முடி நார்போல விறைக்கிறது என்றால் கடைசி இரண்டு குவளையை மழைநீராலோ வடிகட்டிய குடிநீராலோ ஊற்றிப் பாருங்கள். இந்த உப்புகளைப் பிடித்துவைக்கும் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் உட்பொருள் பட்டியலில் உள்ள ஷாம்பு ஓரளவு கைகொடுக்கும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது. தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்தது அது. ஆனாலும் வறண்ட நுனிகளில் அதன் பலனை நான் பார்த்திருக்கிறேன். பொடுகு உள்ள தலைத்தோலில் மட்டும் தடவவே வேண்டாம். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி. "தலை வறண்டதால் செதில் உதிர்கிறது" என்று எண்ணெய் வைப்பவர்கள் அதற்கு விருந்து வைக்கிறார்கள். மருத்துவர் 2 சதவீதக் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த ஷாம்பு எழுதித் தந்தால் தலைத்தோலில் தேய்த்து 3 முதல் 5 நிமிடம் அப்படியே விட்டு அலசுங்கள். பொதுவாக வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு. போட்ட உடனே கழுவிவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று வருபவர்களே அதிகம். சுருட்டை முடிக்காரர்கள் அதன் பிறகு நுனிக்குக் கண்டிஷனரைத் தவற விடக்கூடாது.

காசு அளவில் வழுக்கை விழுந்தாலோ, குழந்தையின் தலையில் சீழ் வைத்த வீக்கம் தெரிந்தாலோ, வகிடு வேகமாக அகன்றுகொண்டே போனாலோ ஷாம்புவை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். நேராகத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. போகும்போது தற்போது பயன்படுத்தும் ஷாம்பு, எண்ணெய்ப் புட்டிகளையும் கையோடு கொண்டுபோங்கள்.