நண்பகலில் மின்கம்பியின் ஒளியைப் பிடிக்கும் பில்டர்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் போகும் 132 கிலோவோல்ற்றுக் கம்பிகளுக்குக் கீழே, பனி இறங்கிய விடியலில் நின்றால் சில இடங்களில் மெல்லிய சீறல் கேட்கும். கம்பியைத் தாங்கும் காவலிகளில் (இன்சுலேற்றர்களில்) புழுதி படிந்து, அதன்மேல் ஈரமும் பிடித்தால், சுற்றியுள்ள காற்றே மின்னேற்றம் பெற்று ஒளிவிடும். இதுதான் கொரோனா மின்னிறக்கம். மன்னார்ப் பக்கம் சோளகக் காற்று அள்ளிவரும் கடலுப்பும் இதோடு சேர்ந்துகொள்ளும். 2020இல் இயங்கத் தொடங்கிய அங்குள்ள காற்றாலைகளின் மின்சாரமும் அந்த உப்புக்காற்றைத் தாண்டித்தான் பெருநிலப்பரப்புக்கு வரவேண்டும்.

நல்ல இருட்டில் இந்த ஒளி மங்கிய ஊதாவாகத் தெரியும். பகலில் தெரியாது. கம்பிகளைப் பார்வையிடுகிறவர்களோ பகலில்தான் வேலை செய்கிறார்கள். பகலிலும் அதைக் காட்டுவது கொரோனா கமரா; வேண்டிய அலைநீளங்களை மட்டும் அதற்குள் விடுவது அதன் பில்டர் (ஒளி வடிகட்டி).

கொரோனா ஒளியில் பெரும்பங்கு நைதரசன் விடுவது. 300 முதல் 400 நனோமீற்றர் வரையான கழியூதா (புற ஊதா) அலைநீளங்களில், முக்கியமாக 337, 358 ஆகியவற்றில், அது வலுவாக இருக்கும். அப்படியானால் பில்டரையும் அங்கேதானே வைக்க வேண்டும்? இல்லை. அதே அலைநீளங்களில் வெயிலும் கொட்டுகிறது. கொரோனா கமராவின் பில்டர் 240 தொடக்கம் 280 வரையான ஒடுங்கிய பட்டையை மட்டும் உள்ளே விடும். கொரோனா ஒளியில் மிகச் சிறு பங்குதான் அங்கே உண்டு. ஆனால் சூரியனிலிருந்து வரும் அந்தப் பட்டையை ஓசோன் விழுங்கிவிடுவதால், அந்த அலைநீளங்களில் நண்பகல் வானமும் கும்மிருட்டு. வலுவானதை விட்டு நலிந்ததைத் தேடிப்போகும் இந்தத் தெரிவில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது.

ஓசோன் செய்வது பாதி வேலை. மிச்ச வெயில் முழுவதும் பில்டரில் வந்து மோதும். அதில் கோடியில் ஒரு பங்கு கசிந்தாலே படம் வெளுத்துவிடும். நிறக்கண்ணாடியை நம்ப முடியாது. ஆர். டபிள்யூ. வூட் 1903இல் உருவாக்கிய கருங்கண்ணாடி கழியூதாவை விட்டாலும், கூடவே கடுஞ்சிவப்பையும் செங்கீழ்க் (அகச்சிவப்பு) கதிரையும் கசியவிடும்.

ஆகவே சிலிக்காக் கண்ணாடித் தகட்டில், வெற்றிடத்தில், ஹாஃப்னியம் ஒட்சைட்டையும் சிலிக்காவையும் மாறிமாறிப் பூசுகிறார்கள். படைக்குள் ஒளிக்கு இருக்கும் அலைநீளத்தின் கால்பங்கே ஒவ்வொரு படையின் தடிப்பு. 260 நனோமீற்றருக்கென்றால் சிலிக்காப் படை ஏறத்தாழ 43 நனோமீற்றர் வரும். இத்தகைய இரண்டு அடுக்குகளுக்கு நடுவே அரை அலைநீளத் தடிப்பில் ஒரு படை. அதற்குள் முன்னும் பின்னும் தெறிக்கும் ஒளியில், ஒவ்வொரு சுற்றிலும் தன்னோடு ஒத்துப்போகும் அலைநீளம் மட்டும் பெருகி மறுபக்கம் போகும்; ஊஞ்சல் வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் வீச்சு ஏறுகிறதல்லவா, அதுபோல. மற்றவை வந்த வழியே திரும்பும். தூரத்து அலைநீளங்களை அடைக்க மெல்லிய அலுமினியப் படைகளும் சேர்ப்பதுண்டு. ஒளி சாய்வாக நுழைந்தால் பட்டை குறுகிய அலைநீளப் பக்கம் நகர்ந்துவிடும் என்பதால், பில்டரை எங்கே பொருத்துவது என்பதே தனிக் கணக்கு.

பில்டருக்குப் பின்னால் இருக்கும் சீசியம் தெலூரைட்டு உணரியும் வெயிலுக்குப் பெரும்பாலும் குருடு. அது பிடித்த புள்ளிகளைச் சாதாரணக் கமராப் படத்தின்மேல் பதித்தால், எந்தக் காவலி என்று தெரிந்துவிடும். புள்ளிகளை எண்ணி மட்டும் பழுதின் கடுமையைச் சொல்ல முடியாது. தூரமும் அன்றைய ஈரப்பதனும் எண்ணிக்கையை மாற்றும். தளர்ந்து சூடேறும் மூட்டுகளோ இதற்குத் தெரியவே தெரியா. அவற்றுக்குச் செங்கீழ்க் கமராதான் வேண்டும்.