ஸ்பீட் டெஸ்டில் 100, கிளவுடில் 16: நடுவில் என்ன நடக்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "ஸ்பீட் டெஸ்ட் போட்டால் அப்லோடு 100 காட்டுகிறது. அதே இணைப்பில் கூகுள் டிரைவுக்கு ஒரு வீடியோவை ஏற்றினால் 2-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. இன்டர்நெட் கொடுப்பவர் ஏமாற்றுகிறாரா?"

முதலில் கணக்கை நேர் செய்வோம். ஸ்பீட் டெஸ்ட் சொல்வது மெகாபிட். ஃபைல் ஏற்றும் மென்பொருள்கள் பெரும்பாலும் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு 2 மெகாபைட் என்றால் 16 மெகாபிட். மீதி 84 எங்கே போனது என்பதுதான் உண்மையான கேள்வி.

வீட்டுக்குள் இருக்கும் காரணங்களை முதலில் கழித்துவிடலாம். லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டிச் சோதியுங்கள். வைஃபையில் டவுன்லோடு நன்றாக இருந்தும் அப்லோடு மட்டும் இழுக்கலாம். ரவுட்டர் உரக்கப் பேசும். கையில் இருக்கும் போனின் ரேடியோ அவ்வளவு உரக்கப் பேசாது. கேபிளிலும் வேகம் 94-ஐத் தாண்டவில்லை என்றால், கேபிளில் ஏதோ ஒரு கம்பி அறுந்து, ஜிகாபிட் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கக்கூடும். விபிஎன் இருந்தால் நிறுத்திப் பாருங்கள். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் இரண்டின் செட்டிங்ஸிலும் அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி உண்டு. அது "தானாகச் சரிசெய்" என்பதில் நிற்கிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் விஷயம் சுவையாகிறது.

உங்கள் ஃபைல் ஏறக்குறைய 1,460 பைட் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகிறது. இணையத்தில் தரவை அனுப்பும் விதிமுறையான டிசிபி-யின்படி, எதிர்முனை "வந்து சேர்ந்தது" என்று ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் வந்த பிறகுதான் அடுத்தது என்றால் விடிந்துவிடும். அதனால் பதிலுக்குக் காத்திராமல் இவ்வளவு பைட் வரை அனுப்பலாம் என்று ஒரு அளவு உண்டு. அதற்கு விண்டோ என்று பெயர். அந்த அளவு தீர்ந்ததும் உங்கள் கணினி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், இணைப்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும்.

டிசிபியின் தலைப்பகுதியில் விண்டோவுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். அதில் எழுதக்கூடிய பெரிய எண் 65,535. சர்வருக்குப் போய்த் திரும்ப 200 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஐந்து சுற்று, சுற்றுக்கு 65,535 பைட், மொத்தம் 2.6 மெகாபிட். நீங்கள் 100-க்குப் பணம் கட்டினாலும் 1,000-க்குக் கட்டினாலும் அதே 2.6 தான்! சர்வர் 20 மில்லிநொடித் தொலைவில் இருந்தால் அதே விண்டோ 26 மெகாபிட் தரும். 100 மெகாபிட் இணைப்பை 200 மில்லிநொடித் தூரத்துக்கு முழுதாக நிரப்ப, எந்த நேரத்திலும் 2.5 மெகாபைட் வழியில் பறந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தத் தடையை உடைக்கும் விண்டோ ஸ்கேலிங் முறை 1992-லேயே தரமாக வெளிவந்துவிட்டது. இன்றைய எல்லா இயங்குதளங்களிலும் இருக்கிறது. ஆனாலும் அனுப்பும் பக்கத்து பஃபரை, அதாவது தரவு காத்திருக்கும் தற்காலிக நினைவிடத்தை, சிறியதாகக் கட்டிப்போடும் மென்பொருள்கள் இன்னும் உலவுகின்றன. அங்கே பழைய கணக்கு அப்படியே திரும்பி வரும்.

பெறுபவர் வைக்கும் விண்டோ ஒன்று. அனுப்புபவர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் விண்டோ இன்னொன்று. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். அது பிறந்த கதை இது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நடுவில் இருந்த தூரம் 400 கெஜம். நெரிசலில் தொலைந்த பாக்கெட்டுகளை எல்லாக் கணினிகளும் மறுபடி மறுபடி அனுப்பி நெரிசலை மேலும் வளர்த்தன. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் 1988-இல் எழுதிய தீர்வு இது: கொஞ்சமாகத் தொடங்கு, ஒப்புகை வர வர இரட்டிப்பாக்கு, பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு பின்வாங்கு. நடுவில் காவலர் யாரும் இல்லை. ஒவ்வொரு கணினியும் தானாகவே அடங்கி நடப்பதால்தான் இணையம் நிலைத்து நிற்கிறது. அந்த வேலைக்கான பணத்தில் ஒரு பகுதி வந்தது அமெரிக்க எரிசக்தித் துறையிடமிருந்து, அதாவது பொதுப்பணம். "இதனால் உடனடி லாபம் என்ன?" என்று கேட்டு ஆய்வு நிதியை வெட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த அடக்கத்துக்கு ஒரு விலை உண்டு. இன்று தொடக்கம் பொதுவாக 10 பாக்கெட், அதாவது 14.6 கிலோபைட். 2 மெகாபைட் புகைப்படம் ஒன்று 100 மெகாபிட்டில் 0.16 நொடியில் போய்விட வேண்டும். ஆனால் 10, 20, 40 என்று ஏறி முழுப் படமும் வெளியேற எட்டுச் சுற்று ஆகும்; 200 மில்லிநொடித் தூரத்தில் அது 1.6 நொடி. வேகம் பிடிப்பதற்குள் படமே முடிந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் ஊர்வதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, ஃபைலுக்கு ஃபைல் சர்வரில் நடக்கும் பதிவு வேலை: கூகுள் டிரைவ் நொடிக்குச் சுமார் இரண்டு ஃபைல்களுக்கு மேல் வாங்குவதில்லை. ஜிப் ஆக்கி ஒரே ஃபைலாக ஏற்றினால் இரண்டு தொல்லையும் தீரும்.

பாக்கெட் இழப்பு இதைவிடக் கொடுமை. 1997-இல் மாத்திஸ் குழுவினர் கொடுத்த சூத்திரப்படி, பழைய டிசிபி முறையில், 200 மில்லிநொடித் தூரத்தில் நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால் ஓர் இணைப்பின் வேகம் 0.7 மெகாபிட்டில் நிற்கும். தூரம் 20 மில்லிநொடி என்றால் 7. கூபிக், பிபிஆர் போன்ற புதிய முறைகள் இதைவிடச் சமாளிக்கும். கூபிக்கும் இழப்பைக் கண்டு பின்வாங்கத்தான் செய்யும்.

ஸ்பீட் டெஸ்ட் 100 காட்டியது ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும். அது பக்கத்துச் சர்வரைத் தேடிப் பிடித்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கிறது. ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் தளத்தில் "மல்ட்டி" என்பதை "சிங்கிள்" என்று மாற்றி, தொலைவில் உள்ள சர்வர் ஒன்றைத் தேர்ந்து ஓட்டுங்கள். எண் 20-க்கு அருகே விழுந்தால் குற்றவாளி தூரமும் இழப்பும்தான். அப்படியானால் கிளவுடுக்கு ஃபைல் ஏற்றும் ஆர்க்ளோன் போன்ற கருவியில் ஒரே நேரத்தில் போகும் ஃபைல்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இயல்பில் அது 4. அமேசான் எஸ்3 போன்ற சேமிப்பு என்றால், தொடங்கும்போதே அருகில் உள்ள ரீஜியனை, அதாவது சர்வர்கள் இருக்கும் வட்டாரத்தை, தேர்வது எல்லாவற்றையும்விட நல்லது.

எண் விழவில்லையென்றால், ஏற்றும் மென்பொருள் ஃபைலை வெட்டும் துண்டின் அளவைப் பாருங்கள் (இது பாக்கெட் அல்ல, அதைவிடப் பெரியது). ஆர்க்ளோன் கூகுள் டிரைவுக்குப் பெரிய ஃபைலை 8 மெகாபைட் துண்டுகளாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும். துண்டு போக 0.64 நொடி; பதிலுக்கு அரை நொடி ஆகிறது என்றால் 100 மெகாபிட் இணைப்பு 56-ஆகச் சுருங்கிவிடும். துண்டை 64 மெகாபைட் ஆக்கினால் 91. நான்கு ஃபைல் சேர்ந்து போனால் 256 மெகாபைட் ரேம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்லோடு ஓடும்போது வீட்டில் மற்ற எல்லாமே திணறுகிறதா? சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். 20 மில்லிநொடியில் இருந்தது 800-க்கு ஏறினால், ரவுட்டரின் பஃபர் நிரம்பி வழிகிறது. 10 மெகாபிட் அப்லோடில் 1 மெகாபைட் பஃபர் காலியாக 0.8 நொடி வேண்டும். உங்கள் டவுன்லோடுக்கான ஒப்புகைகளும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் ஓடும் ரவுட்டரில், இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் வசதியை இயக்கி, அளந்த அப்லோடு வேகத்தில் 90 சதவீதம் கொடுங்கள். அந்த ரவுட்டர் இல்லையென்றால் ஏற்றும் மென்பொருளிலேயே 80 சதவீத வரம்பு வையுங்கள்.

டிஎன்எஸ்ஸை மாற்றினால் அப்லோடு பறக்கும் என்ற பரிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். பெயரைக் கேட்டு முகவரி சொல்வதோடு டிஎன்எஸ் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஃபைல் போவதை அது பார்ப்பதே இல்லை. "நெட் பூஸ்டர்" ஆப்கள் அதைவிட மோசம், அவை விளம்பரத்தை இறக்கவே உங்கள் இணைப்பைத் தின்னும். எல்லாம் சரியாக ஓடி, டெராபைட் கணக்கில் ஏற்றும்போது டிரைவ் திடீரென்று நின்றுவிட்டால் பதற வேண்டாம்: ஒரு கணக்குக்கு 24 மணி நேரத்தில் 750 கிகாபைட் என்பது கூகுளின் வரம்பு. 100 மெகாபிட்டில் அதைத் தொடச் சுமார் 17 மணி நேரம் ஆகும்.