முதலில் விரலை வையுங்கள், ரத்தம் அப்புறம்

ரத்தம் கொட்டக் கொட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில், போன மாதம் மட்டும் இவர் மூன்றாவது ஆள். உச்சிப்புளிப் பக்கம் பைக் சறுக்கி, தொடையில் ஆழமான வெட்டு. மீன் வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். காலைச் சுற்றி மூன்று துண்டு, அதன் மேல் ஒரு கைலி, எல்லாமே நனைந்து கனத்திருந்தன. பிரித்துப் பார்த்தால், ரத்தம் ஊறி வந்த இடம் கட்டைவிரல் நுனி அளவுதான். வழிநெடுக அந்த இடத்தை யாரும் அழுத்திப் பிடிக்கவில்லை.

அவருடைய அண்ணன் கேட்டார்: "ஆம்புலன்சுலயே ரத்தம் வச்சு ஏத்துனா என்ன சார்? நம்மூர்ல ஐஸ் பெட்டிக்கா பஞ்சம்?"

கேள்வியில் தப்பில்லை. லண்டன் ஏர் ஆம்புலன்ஸ் 2012லிருந்து ரத்தத்தோடுதான் பறக்கிறது. ஆனால் ரத்தம் சீலா மீன் இல்லை. 2 முதல் 6 டிகிரிக்குள் காக்க வேண்டும். ஐஸில் நேராகப் பட்டால் சிவப்பணு உறைந்து வெடித்துவிடும். வகை தெரியாத ஆளுக்கு ஓ வகை வேண்டும், அதிலும் ஓ நெகட்டிவ் லேசில் கிடைக்காது. இவ்வளவும் செய்தாலும், 2022இல் வந்த பிரிட்டன் ஆய்வில், வழியிலேயே சிவப்பணுவும் பிளாஸ்மாவும் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றியவர்களுக்கும், ஊரில் குளுக்கோஸ் என்று சொல்லும் சலைன் ஏற்றியவர்களுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 2018இல் அமெரிக்காவில் ஹெலிகாப்டரில் பிளாஸ்மா கொடுத்தபோது உயிர்கள் தப்பின. மருத்துவத் துறையில் எங்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம்தான்.

உடனே, "அப்போ குளுக்கோஸே போதும்" என்று கிளம்பிவிடாதீர்கள். எனக்கு எரிச்சல் வருவதே இங்கேதான். பாட்டில் தொங்கினால் ஆள் பிழைத்துவிட்டார் என்று ஊரே நம்புகிறது. அது ரத்தம் இல்லை, உப்புத் தண்ணீர். அது ஆக்சிஜனைச் சுமக்காது, ரத்தத்தை உறைய வைக்காது. குழம்பில் தண்ணீர் ஊற்றினால் சட்டி நிறையும், காரம் நிற்குமா? உறைய வைக்கும் பொருள்கள் நீர்த்துப்போகும், உடம்பு குளிர்ந்துபோகும், குளிர்ந்த உடம்பில் ரத்தம் உறைவது இன்னும் கஷ்டம். அழுத்தம் சட்டென ஏறினால், அப்போதுதான் உறைந்து பிடித்த ரத்தக்கட்டியும் பிய்த்துக்கொண்டு போகும். 108 தம்பிகள் அளவாகப் போடுவது நாடி விழாமல் தாங்கத்தான். பக்கத்தில் நின்று "முழுசா திறந்து விடுங்கப்பா" என்று தயவுசெய்து கத்தாதீர்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரமே 50 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து மதுரை இன்னும் நூற்றுக்கு மேல். அதுவரை அவருக்கு இருக்கும் நல்ல ரத்தம் அவர் உடம்பில் ஓடுவதுதான், அதை வெளியே விடாதீர்கள். 108ஐ அழைத்துவிட்டு, துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து, உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். குத்தியிருக்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள். வெயிலானாலும் ஆளைப் போர்த்திவிடுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் வேண்டாம். உதவியவர் பேரைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019லேயே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

அழுத்தியும் நிற்காமல் கையிலோ காலிலோ ரத்தம் பீச்சினால் மட்டும், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலத் துணியால் கட்டி, குச்சி செருகி முறுக்குங்கள். வலைக்கயிறு வேண்டவே வேண்டாம், சதையை அறுத்துவிடும். கட்டியதை நடுவழியில் தளர்த்தாதீர்கள். கட்டிய நேரத்தைப் பேனாவால் அவர் நெற்றியிலேயே எழுதுங்கள். "இப்பத்தான் சார் கட்டுனோம்" என்பது நேரம் இல்லை.