வெயிலிலேயே நிற்பவருக்கு வைட்டமின் டி குறையுமா?

சென்ற கோடையில் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெண்மணி புதுச்சேரியில் என்னிடம் வந்தார். கருவாடு காயவைத்து விற்பவர், வயது 44. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நெஞ்சக மருத்துவரான என்னிடம் அவர் வந்தது விடாத வறட்டு இருமலுக்காக. பேச்சுவாக்கில்தான் மற்றவை வெளியே வந்தன. இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை சிறுநீரகக் கல் வலி. கடலூர் வெயிலுக்குத் தண்ணீர் போதவில்லை என்று ஆளாளுக்குச் சொல்ல, வாழைத்தண்டுச் சாறு குடித்தே அலுத்துப்போயிருந்தார். கூடவே மலச்சிக்கல், தணியாத தாகம், உட்கார்ந்தால் எழ மனமில்லாத அசதி.

அசதிக்காக வேறோர் இடத்தில் ரத்தம் சோதித்திருந்தார்கள். வைட்டமின் டி 14 என்று வந்திருந்தது. வாரம் ஒன்றாக 60,000 யூனிட் மாத்திரை எழுதித் தந்திருந்தார்கள். அதை விழுங்கத் தொடங்கிய பிறகுதான் முதல் கல் வலி.

"நாள் முழுக்க வெயிலிலேயே நிற்கிறேன், டாக்டர். எனக்கு எப்படி வெயில் சத்துக் குறையும்?" என்று கேட்டார். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

எக்ஸ்ரேயில் நுரையீரலின் வேர்ப்பகுதியில் இருபுறமும் நெறிக்கட்டிகள். ரத்தத்தில் கால்சியம் 12.6, பத்தரையைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். மூச்சுக்குழாய் வழியாக ஊசி செலுத்தி எடுத்த திசுவில் கிரானுலோமா என்னும் நுண்கட்டிகள் இருந்தன. காசநோய்க் கிருமி இல்லை. இது சார்காய்டோசிஸ், உறுப்புகளில் இப்படி நுண்கட்டிகள் முளைக்கும் நோய்.

இங்கிலாந்து மருத்துவர் ஹட்சின்சன் 1877இலும் நார்வே மருத்துவர் போக் 1899இலும் இதைத் தோல் நோயாகத்தான் எழுதினார்கள். பெரும்பாலும் இது குடியேறுவது நுரையீரலிலும் நெஞ்சின் நெறிக்கட்டிகளிலும். ஆனால், அங்கேயே அடங்கிக் கிடப்பதில்லை.

வைட்டமின் டி புதிருக்கு வருவோம். உடலில் சேமிப்பாக இருக்கும் வைட்டமினைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வேலை. போதும் என்றால் அது நிறுத்திக்கொள்ளும். சார்காய்டோசிஸில் அந்த நுண்கட்டிகளே இந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குக் கடிவாளம் கிடையாது. சேமிப்பு வேகமாகக் கரைகிறது. செயல்படும் வடிவம் பெருகி, குடலிலிருந்து கால்சியத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. நாம் வழக்கமாகச் சோதிப்பது சேமிப்பை மட்டும். அது குறைந்திருப்பதைப் பார்த்து மாத்திரை கொடுத்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான். கோடை வெயிலில் தோலில் வைட்டமின் டி கூடுதலாக உருவாகிக் கால்சியம் ஏறுவதற்கும் இதுவே காரணம். ரத்தத்தில் ஏறுவதைவிடச் சிறுநீரில் கால்சியம் மிகுவது இன்னும் சாதாரணம். கல் அப்படித்தான் விளைகிறது. வெயிலில் வேலை செய்யும் எல்லோருக்கும் வைட்டமின் டி நிறைவாக இருக்கும் என்று சொல்லவில்லை. சார்காய்டோசிஸ் இருப்பவர்கள் கால்சியம் பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து கண். கண்ணின் உள்ளே வரும் யுவைடிஸ் என்ற அழற்சியை மெட்ராஸ் ஐ என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், உறுத்தும். வெளிச்சம் பார்த்தால் கூசி வலிப்பதும் பார்வை மங்குவதும் வேறு சங்கதி. சிலருக்குச் சிவப்புகூட இல்லாமல் கண் கெடும் என்பதால், தொந்தரவு இல்லாவிட்டாலும் ஒருமுறை கண் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

இதயத்தில் வருவது குறைவு, வந்தால் ஆபத்து. நுண்கட்டிகள் இதயத்தின் மின்பாதையில் உட்கார்ந்தால் துடிப்பு தடைபடும். படபடப்பு, திடீர் மயக்கம் என்றால் 'பித்தம்' என்று விட்டுவிடாமல் அன்றே ஈசிஜி எடுங்கள். முகத்தில் ஒரு பக்கம் கோணிக்கொள்வது, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, மனச்சோர்வு ஆகியவையும் இந்த நோயாளிகளிடம் பார்ப்பவை. நோய் அடங்கிய பிறகும் அசதி மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். அதைச் சோம்பல் என்று வீட்டில் ஏசாதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. நெறிக்கட்டி என்றதும் காசநோய் என்று முடிவு கட்டி, தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிடுகிறார்கள். இந்தப் பெண்மணிக்கும் அது நடந்தது. சார்காய்டோசிஸ் தொற்றாது, ஓரகத்தியை உடன் அழைத்துவரச் சொல்லி அதை அவரிடமே விளக்கினேன். அதே சமயம் காசநோய் இல்லை என்று தெளிவாகாமல் இதற்குத் தரும் ஸ்டீராய்டைத் தொடங்குவதும் விபரீதமாக முடியலாம்.

வைட்டமின் மாத்திரையை நிறுத்தி, ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கியதும் சில வாரங்களில் கால்சியம் இறங்கியது. ஆனால், ஸ்டீராய்டும் சும்மா வராது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை, எலும்புத் தேய்மானம் என்று ஒரு கூட்டத்தையே இழுத்துவரும். எலும்புக்காக வழக்கமாகத் தரும் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை இங்கே கண்ணை மூடிக்கொண்டு தரவும் முடியாது. இதற்கெல்லாம் பயந்து ஸ்டீராய்டைத் தாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடல் தன் பங்குக்கு ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும்.

அவர் இப்போது காலை வெயில் ஏறுமுன் கருவாட்டை விரித்துவிடுகிறார். நடுப்பகலில் புரட்டிப்போடுவது ஓரகத்தியின் பொறுப்பு. போன முறை ஒரு நோட்டில் சர்க்கரை அளவுகளை ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தார். எல்லாமே காலை வெறும் வயிற்றில் எடுத்தவை, எல்லாம் நூறுக்குள். காலையில் விழுங்கும் ஸ்டீராய்டு தன் வேலையைக் காட்டுவது மதியத்துக்கு மேல். சாப்பிட்டு வரச் சொல்லி இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தோம். 238.