மந்திரவாதி சுவரேறிய கணக்கு

ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கூடி உட்கார்ந்து கதை சொல்லியே ஆடும் ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதைக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்காருகிறவர்களை முதலில் மிரட்டுவது விதிப்புத்தகம்தான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் விளையாடுபவர்களுக்கான புத்தகம் மட்டுமே 320 பக்கம். நானும் அதைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பாதியில் மூடி வைத்தவன்தான். அப்புறம்தான் தெரிந்தது, அந்த 320 பக்கமும் சுற்றிச் சுற்றி ஒரே ஒரு பகடையைப் பற்றித்தான் பேசுகிறது, அது எப்படி நடந்துகொள்ளும் என்று புரிந்துவிட்டால் மிச்சத்தை ஆடிக்கொண்டே பிடித்துக்கொள்ளலாம் என்று.

ஆட்டம் இப்படித்தான் போகும். டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம், சூழலைச் சொல்வார்: மழை, இருட்டு, எதிரே ஒரு கோட்டைச் சுவர். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்கான எண்ணைக் கூட்டினால், டிஎம் வைத்திருக்கும் இலக்கைத் தொட வேண்டும். சுலபமான வேலைக்கு இலக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கஷ்டமானதற்கு 20. அவ்வளவுதான். சுவரேறுவது, காவல்காரனிடம் பொய் சொல்வது, வாள் வீசுவது எல்லாவற்றுக்கும் அடிப்படை இதே கணக்கு.

நம் குழுவில் ஒரு போர்வீரனும் ஒரு மந்திரவாதியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீரனுக்கு உடல் வலு 16, விதிப்படி அதற்குப் பகடையோடு கூட்ட +3. சுவரேறப் பயிற்சியும் உண்டு, முதல் நிலையில் (லெவலில்) அதற்கு +2. ஆக மொத்தம் +5. மந்திரவாதிக்கு வலு 10, அதற்கு +0, பயிற்சியும் கிடையாது, கூட்ட ஒன்றுமே இல்லை. சுவரின் இலக்கு 15. வீரனுக்குப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், 20 முகங்களில் 11 அவன் பக்கம்: 55 சதவீதம். மந்திரவாதிக்கு 15 முதல் 20 வரை, 6 முகங்கள்: 30 சதவீதம்.

வாழ்நாளெல்லாம் சுவரேறியவனுக்கும் நூலகத்திலேயே கிடந்தவனுக்கும் இவ்வளவுதான் வித்தியாசம்! வீரன் வழுக்கி விழுந்து, மந்திரவாதி அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறிவிடும் வாய்ப்பு 0.45 பெருக்கல் 0.30, அதாவது 13.5 சதவீதம். ஏறக்குறைய ஏழு தடவைக்கு ஒரு தடவை. புதிதாக ஆடுகிறவர்கள் 'என் பாத்திரத்தை நான் தப்பாக உருவாக்கிவிட்டேனோ' என்று நொந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தப்பு எதுவும் இல்லை, பகடையின் சுபாவம் அது. ஒற்றைப் பகடையில் 1 விழுவதற்கும் 10 விழுவதற்கும் 20 விழுவதற்கும் ஒரே வாய்ப்பு, தலைக்கு 5 சதவீதம். நடுவில் விழ வேண்டும் என்ற ஈர்ப்பு அதற்குக் கிடையாது.

பகடைகளைக் கூட்டினால் கதை மாறும். தாயம் ஆடியவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும். எங்கள் வீட்டுக் கட்டைகளில் 0, 1, 2, 3 என்று நான்கு முகங்கள். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். மூன்று விழ 4 வழி, தாயம் விழ 2 வழி, ஆறு விழ ஒரே வழி. தாயம் போட்டு உள்ளே நுழைய முடியாமல் பாட்டியிடம் கேலி வாங்கியதெல்லாம் இந்த எட்டில் ஒன்றால்தான்.

1986-இல் வந்த கர்ப்ஸ் என்ற ஆட்டத்தில் மூன்று சாதாரண ஆறுமுகப் பகடைகளைக் கூட்டுவார்கள். அதில் குறைவாக விழுந்தால்தான் வெற்றி, அது வேறு விஷயம். வேடிக்கை என்னவென்றால் மூன்று பகடைகளின் சராசரியும் 10.5, 20 முகப் பகடையின் சராசரியும் 10.5. ஆனால் நம் சுவரை மூன்று பகடையால் ஏறிப் பாருங்கள். வீரனின் வாய்ப்பு 62.5 சதவீதமாக ஏறும், மந்திரவாதியுடையது 9.3-க்குச் சரியும். வீரன் விழுந்து இவர் ஏறுவது 13.5-லிருந்து மூன்றரை சதவீதத்துக்கு வந்துவிடும். சராசரி ஒன்றுதான், பரவல்தான் வேறு. திறமைசாலி திறமைசாலியாகவே தெரிய வேண்டுமென்றால் மூன்று பகடை, கூத்து வேண்டுமென்றால் ஒற்றைப் பகடை. எனக்குக் கூத்துதான் பிடிக்கும்.

சரி, ஒற்றைப் பகடையோடு ஆடுகிறவர் என்னதான் செய்வது? ஐந்தாம் பதிப்பில் 'அட்வான்டேஜ்' என்று ஒன்று உண்டு: சூழல் உங்களுக்குச் சாதகமாக இருந்தால் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இது கூட்டல் இல்லை என்பதால் இதன் பலன் இடத்துக்கு இடம் மாறும். 11 விழ வேண்டிய இடத்தில் 50 சதவீதம் 75 ஆகும், அதாவது +5 கிடைத்ததற்குச் சமம். 20 விழுந்தே தீர வேண்டும் என்ற இடத்தில் 5 சதவீதம் 9.75 ஆகும், +1-க்கும் கொஞ்சம் குறைவு. அதனால் இதை நடுத்தரமான வேலைகளில் கேட்பதுதான் லாபம். ஒருவர் மேலிருந்து கயிறு போட்டால் மந்திரவாதியின் 30 சதவீதம் 51 ஆகிவிடும். தாளில் இருக்கும் எண்களை உயர்த்தப் பல நிலைகள் ஆட வேண்டும். கயிறு பற்றி யோசிக்க ஐந்து நொடி போதும். தர வேண்டுமா என்று முடிவு செய்வது டிஎம்தான், ஆனால் கேட்கிறவருக்குத்தான் கிடைக்கும்.

இன்னொன்று, இது டிஎம்முக்கு. விழுந்தால் அடிபடாது, யாரும் துரத்தவும் இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலலாம் என்றால், பத்து முயற்சிக்குள் மந்திரவாதி ஏறிவிட 97 சதவீதம் வாய்ப்பு உண்டு. அப்போது எதற்குப் பகடை? மூச்சு வாங்க ஏறினார் என்று சொல்லிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஆரம்பித்துவிடலாம்.